தட்டிப் பார்த்த காதல் கவிதை

ஓய்வு பெற்று ஒரு வருடமாகியும் பள்ளிக்கூடத்துப் புலனக் குழுவிலிருந்து, அதாவது வாட்ஸ்அப் குழுவிலிருந்து, என்னை யாரும் நீக்கவில்லை. நானும் விலகவில்லை. போன மாதம் அந்தக் குழுவில் ஒரு படம் வந்தது. ஐந்தாம் படிவத்துக்கு இலக்கியம் எடுக்கும் இளைய ஆசிரியை ஒருத்தி, ஒரு காதல் கவிதையைக் கைப்பேசிச் செயலியில் போட்டிருக்கிறாள். கண் மூடித் திறப்பதற்குள் அது எதுகைக்குச் சிவப்பும் மோனைக்குப் பச்சையும் பூசிக் கொடுத்துவிட்டது. 'இனிமே நாம எதுக்கு டீச்சர்?' என்று கீழே எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் நாலைந்தைப் போட்டிருந்தாள்.

பூசியிருந்ததை உட்கார்ந்து சரிபார்த்தேன். பழக்கம் விடுமா? ஒரு தப்புகூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். 'ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, ஒரு கதை சொல்கிறேன்' என்று பதில் போட்டேன். அவள் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் சுட்டு வைத்த வடையை எல்லாம் தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் இதை எழுதி வையுங்கள் டீச்சர் என்றார்கள். எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன கதையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கவிதை என்றால் எனக்குப் பிடிக்கும், கணக்கு என்றால் பயம். யாப்பிலக்கணத்தைக் கண்டதும் கவிதைக்குள்ளேயும் கணக்கு புகுந்துவிட்டதே என்று நொந்துபோனேன். மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். தேறியதும் யான் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் ஜெராய் மலை, மறு பக்கம் கடல், நடுவில் கண்ணுக்கு எட்டிய வரை வயல். தமிழ்ப் பிள்ளைகள் ஒரு கைப்பிடிதான். பள்ளி முடிந்த பிறகுதான் தமிழ் வகுப்பு, அதற்கும் அறை கிடையாது. சிற்றுண்டிச் சாலையில் ஒரு மூலையைக் கொடுத்தார்கள்.

பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் அடி, சீர், தளை என்றால் யார் கேட்பார்கள்? ஒருநாள் பொறுக்கமுடியாமல், வாயை மூடிக்கொண்டு கவிதையை மேசையில் தட்டுங்கள் என்றேன். தட்டினார்கள். எந்த இடத்தில் கை விழுகிறது, எந்த இடத்தில் கை காத்திருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். சத்தம் கேட்டு, அங்கே கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்று கூப்பிடுவோம், கரண்டியோடு வந்தார். தட்டு உடையப்போகிறது என்று திட்டத்தான் வந்தார். என்ன செய்கிறோம் என்று விளக்கியதும் கரண்டியை வைத்துவிட்டு, பந்துன் என்ற மலாய் நாலடிப் பாட்டு ஒன்றைச் சொல்லி அவரும் தட்டினார். அவர்கள் பாட்டில் ஓசை ஒன்றுவது வரியின் கடைசியில். நம் பாட்டில் முக்கியமாக வரியின் தொடக்கத்தில். 'அவங்க பாட்டு வால்ல முடிச்சு போடுது, நம்ம பாட்டு தலையில முடிச்சு போடுது' என்றான் ஒரு மாணவன். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு விளங்காதது அந்த மேசையில் விளங்கியது. அன்றிலிருந்து எந்தக் கவிதையையும் தட்டிப் பார்க்காமல் நான் வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை.

பிறகு கூலிம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு வந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான். பிள்ளைகளில் பாதிப் பேர் புக்கிட் செலம்பாவ் வழியிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். அப்பா அம்மா இருவரும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்யும் வீடுகள்தான் அதிகம். காதல் கவிதை பாடத்தில் வந்தால் போதும், பையன்கள் மேசைக்கடியில் காலால் இடித்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொள்வார்கள். அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். பொருளைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. முதலில் இரண்டு தரம் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு பென்சிலை எடுத்து, ஒவ்வோர் அடியிலும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்துக்கு வட்டம், அதுதான் எதுகை. சீர்களின் முதல் எழுத்துக்குக் கீழே கோடு, மோனைக்கு. அடியின் கடைசியில் ஓசை ஒன்றினால் கட்டம், இயைபுக்கு. அப்புறம் தட்டல். கை விழும் இடங்களில் செங்குத்தாக ஒரு சின்னக் கோடு. எல்லாம் முடிந்த பிறகு, திரும்பத் திரும்ப வரும் வரிக்கு வருவோம்.

அங்கேதான் நான் நிற்பேன். முதல் தடவை சொன்னதும் மூன்றாம் தடவை சொன்னதும் ஒன்றா என்று கேட்பேன். 'அழகுக்காகத் திரும்பக் கூறியுள்ளார்' என்று எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வீட்டில் அம்மா ஒரு தடவை கூப்பிடுவதும் மூன்றாம் தடவை கூப்பிடுவதும் ஒரே மாதிரியா இருக்கிறது? முதல் தடவை அழைப்பு, இரண்டாம் தடவை கெஞ்சல், மூன்றாம் தடவை வேறு என்னவோ. அந்த வேறு என்ன என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாடம். இந்த வேலையெல்லாம் முடியும்போது பிள்ளைகள் சிரிப்பதை மறந்திருப்பார்கள்.

இனி ராஜரத்தினம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவர் நலனுக்கான துணை முதல்வர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டாலும் வீட்டுப் பேச்சை விடாதவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போவார். பள்ளியில் எல்லாரும் அவரைக் கண்டால் நடுங்குவார்கள், ஆனால் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபமாக வரும் பெற்றோரை முதலில் உட்கார வைத்து, தன் சொந்தக் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அவர்கள் குடித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். சூடான தேநீரை வைத்துக்கொண்டு யாராலும் நீண்ட நேரம் கத்த முடியாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முடிவு சொல்வதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்வோம். இன்னொரு பிடிவாதமும் உண்டு. யார் மேல் யார் குற்றம் சொன்னாலும், சொன்னவர் முன்னிலையில்தான் விசாரணை. முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்கக் கூடாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, கலைவிழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு காலையில் மணியம் என்பவர் மோட்டார் சைக்கிளை அலுவலக வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஓட்டுபவர். நேராக வேலை முடிந்து வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவருடைய மகள் ஷர்மினி ஐந்தாம் படிவத்தில் என் மாணவி, அதனால் என்னையும் கூப்பிட்டார்கள். முந்தின நாள் மகள் குளிக்கப் போயிருந்தபோது, அவள் புத்தகப் பையில் பேனா தேடியிருக்கிறார். நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்திருக்கிறது. பிரித்தால் காதல் கவிதை. கணினியில் அடித்து அச்சிட்டது. மேலே பெயரில்லை, கீழேயும் பெயரில்லை.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கேட்டால் அடித்துவிடுவேன் என்று பயந்து, தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். ராஜரத்தினம் சாரின் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கவித எழுதுற பையன் ஒருத்தன் இருக்கானாம்லா. அவன ஸ்கூல்ல இருந்து தூக்குங்க சார். இல்லன்னா எம்பொண்ண நான் தூக்கிருவேன். எங்கக்கா ஜொகூர்ல இருக்கு, அங்க அனுப்பிச்சிருவேன்."

அவர் சொன்ன பையன் லோகன், ஷர்மினியின் வகுப்புதான். அவன் கவிஞன் என்பது பள்ளிக்கே தெரியும். மாநிலப் போட்டியில் பரிசு வாங்கியவன், தலைமுடியை வாராமல் விட்டால்தான் கவிதை வரும் என்று நம்பியவன். மாலை வகுப்புகளுக்கு மட்டம் போட்டதற்காக ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தான். இதுவும் சேர்ந்தால் இடைநீக்கம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு மனுப் போடும்போது நன்னடத்தைச் சான்று கேட்பார்கள், அதுவும் போய்விடும். அம்மா மட்டும்தான் அவனுக்கு. அந்தம்மா மார்க்கெட்டில் கீரை விற்றுப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மணியத்தை வைத்துக்கொண்டே லோகனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் இருந்தேன். இல்லை என்றான். தாளைக் காட்டினார்கள். படித்தான். அவன் முகத்தில் பயத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. வெளியே வந்ததும் என்னிடம், "இந்த மாதிரி எதுகை மோனையெல்லாம் வச்சு பாட்டிங்க பாட்டு நான் எழுதுவேனா டீச்சர்?" என்றான். பிள்ளைக்குத் தன் சான்றிதழைவிடத் தன் பாணி பெரிதாக இருந்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ராஜரத்தினம் சார் தாளை என்னிடம் கொடுத்து, பள்ளி முடிந்ததும் தகப்பன் திரும்ப வருவார், அதற்குள் இது லோகனின் எழுத்தா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும் என்றார். கையெழுத்து இல்லாத தாளை வேறு யார் படிப்பது?

ஆசிரியர் அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். இதுதான் அந்தக் கவிதை (பால்மரம் என்பது ரப்பர் மரம்):

பார்த்துவிடு என்னைப் பார்த்துவிடு – ஒரு
பார்வையிலே பதில் சேர்த்துவிடு!

மாலையில் பேருந்து நிற்கின்ற வேளையில்
மௌனமாய் நின்றது போதாதோ?
சாலையின் செம்மண்ணில் உன்நிழல் தேடியே
சாய்ந்திடும் என்விழி காணாதோ?

பார்த்துவிடு என்னைப் பார்த்துவிடு – ஒரு
பார்வையிலே பதில் சேர்த்துவிடு!

பால்மரக் காட்டினில் பாதி நிழல்விழும்
பக்கத்தில் வந்திட அச்சமென்ன?
கால்வைத்த பாதையில் உதிர்ந்து கிடக்கும் இலையெல்லாம்
காதலைச் சொல்வதில் குற்றமென்ன?

பார்த்துவிடு என்னைப் பார்த்துவிடு – ஒரு
பார்வையிலே பதில் சேர்த்துவிடு!

பென்சிலை எடுத்தேன். மாலை, சாலை, பால், கால். எதுகை சுத்தமாக இருந்தது. போதாதோ, காணாதோ; அச்சமென்ன, குற்றமென்ன. இயைபும் சரி. லோகனின் கவிதைகள் பள்ளி இதழில் இருந்தன. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் புதுக்கவிதை. மூச்சு முட்டும் இடத்தில் வரியை ஒடிப்பான். ஒரு வரியில் ஒரு சொல் வரும், அடுத்த வரியில் ஒன்பது சொல் வரும். நன்றாகத்தான் எழுதுவான், ஆனால் அவனைத் தட்டச் சொன்னால் மேசைதான் பாவம். செய்யுள் பகுதியில் அவன் எப்போதும் மதிப்பெண் விடும் இடம் சந்தம். ஆக அவன் இல்லை என்பது எனக்கு உடனே நிச்சயமாகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை நிற்கவில்லை, தட்டிப் பார்த்தேன். ஓர் அடிக்கு நாலு தட்டு, அடுத்த அடிக்கு மூன்று, ஒரு சின்ன நிறுத்தம். இரண்டாவது தடவை தட்டும்போதே தெரிந்துவிட்டது. அது கும்மி. சும்மா கும்மிகூட இல்லை, அந்த வருடக் கலைவிழாவுக்கு நான் பழக்கிக்கொண்டிருந்த கும்மி. முதல் அடியின் கடைசியில் 'ஒரு' என்று ஒரு சொல் தொங்குகிறதே, அந்த இடத்தில்தான் பெண்பிள்ளைகள் திரும்பிப் பக்கத்திலிருப்பவள் கையில் தட்டுவார்கள். வட்டம் அழகாக இருக்கட்டும் என்று நான் சேர்த்த தட்டு அது. வேறெங்கும் அப்படி ஆடுவதை நான் பார்த்ததில்லை. இதை எழுதியவர் கண்ணால் பார்த்து எழுதவில்லை, கால் வலிக்க ஆடி எழுதியிருக்கிறார்.

பிறகு கண் 'மாலையில்' என்பதற்கும் 'மௌனமாய்' என்பதற்கும் போனது. மா-வுக்கும் மௌ-வுக்கும் மோனை உண்டு, ஆனால் பிள்ளைகளுக்கு அது தோன்றாது. மா-வுக்கு மா தான் தேடுவார்கள். அதற்கு முந்திய வாரம்தான் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு குரல் கேட்டது: "டீச்சர், மா-வுக்கு மௌ மோனையா வருமா?" வரும் என்றேன். இதை ஏன் இப்போது கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டவள் ஷர்மினி, என் கும்மி வட்டத்தில் ஆடுபவள்.

நாங்கள் எல்லாரும் செய்த தப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்பிள்ளை பையில் காதல் கவிதை இருந்தால் அதை ஒரு பையன்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று தகப்பன் நினைத்தார், துணை முதல்வர் நினைத்தார், நானும் நினைத்தேன். அவளே எழுதி, கொடுக்கத் துணியாமல் மடித்து வைத்திருப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளில் பெண்ணுக்குக் காதல் கவிதை வரும், பெண்ணிடமிருந்து வராது. அப்படியே பழகிவிட்டோம்.

மூன்று தடவை வரும் அந்தப் 'பார்த்துவிடு'வை மறுபடி படித்தேன். முதல் தடவை விளையாட்டாகக் கேட்கிறாள். பஸ் நிற்கும் இடத்தில் அவன் திரும்பிக்கூடப் பார்க்காததைச் சொன்ன பிறகு இரண்டாம் தடவை கெஞ்சுகிறாள். குற்றமென்ன என்று கேட்டுவிட்டு வரும் மூன்றாம் தடவையில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. பதினேழு வயசுப் பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது, அடுத்த நிமிடமே பயம் வந்தது. லோகனைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னால் இவள் ஜொகூருக்குப் போவாள், படிப்பு அதோடு முடியும். சொல்லாவிட்டால் அந்தக் கீரைக்காரம்மாவின் மகன் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்குவான்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். லோகன் இல்லை என்பதை மட்டும் நிரூபிப்பது. யார் என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மணியம் வருவதற்கு முன்பே ராஜரத்தினம் சாரிடம் போய், அவன் எழுதவில்லை, காட்டுகிறேன் சார் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப ஆர் எழுதினதெண்டு உங்களுக்குத் தெரியுமோ டீச்சர்?"

"தாள்ல பேர் இல்ல சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இடது பக்கம், வலது பக்கம், மறுபடி இடது பக்கம்.

"தாளில இல்லாததை நாங்களும் எழுதத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த மனுஷனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். கடைசி வரை அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

மணியம் வந்தார். வீட்டுக்குப் போகாமல் மோட்டாரிலேயே எங்கேயோ சுற்றிவிட்டு வந்தவர் போல இருந்தார். தேநீர் கொடுத்தார்கள், தொடவில்லை. நான் லோகனின் கவிதையை முதலில் படித்துக் காட்டினேன். பென்சிலால் மேசையில் தட்டினேன், தட்டு எங்கேயும் சேரவில்லை. இந்தப் பையனுக்குத் தாளம் வராது, வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், அவனுடைய தேர்வுத்தாள்களையும் காட்டுகிறேன் என்றேன். மணியம் நம்பாமல் பார்த்தார். அப்படியானால் இதில் மட்டும் என்ன வித்தியாசம், இதையும் தட்டிக் காட்டுங்கள் என்றார்.

நியாயமான கேள்விதான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மெதுவாகப் படித்துக்கொண்டே தட்டினேன். 'பார்த்துவிடு என்னைப் பார்த்துவிடு.' இரண்டாவது அடிக்குப் போவதற்குள் மேசையின் அந்தப் பக்கம் அவர் விரல் அசைந்தது. அவருக்கே தெரியாமல்தான் அசைந்தது. மாலை, சாலை எல்லாம் போய் மறுபடி 'பார்த்துவிடு' வந்தபோது, அந்தத் தொங்கும் 'ஒரு' வருமிடத்தில், நான் தட்டுவதற்கு முன்பே அவர் விரல் தட்டியது.

நான் ஒன்றை யோசிக்கவே இல்லை. வாரக்கணக்காக அவர் வீட்டு சிமெண்டுத் தரையில் ஷர்மினி அதே கும்மியைத்தான் பழகிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருக்கும் மனுஷன் காதில் சாயங்காலமெல்லாம் விழுந்தது அந்தத் தட்டுதான்.

விரல் நின்றது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த கோபம் போய் என்ன வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பார்க்கப் பாவமாக இருந்தது. நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ராஜரத்தினம் சார் எழுந்துபோய் ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி வைத்தார். இந்தத் தடவை மணியம் எடுத்துக் குடித்தார்.

"அந்தப் பையன வுட்ருங்க சார்" என்றார். வேறெதுவும் சொல்லாமல் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் பின்னாலேயே மோட்டார் வரை போனேன். அவளை அடிக்காதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்று போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சாவியைத் துளையில் நுழைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"டீச்சர், எம்பொண்ணு நல்லா எழுதியிருக்காளா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, வேலைப் புத்தி. "ரொம்ப நல்லா எழுதியிருக்கா. ஒரே ஒரு எடத்துலதான் இடிக்குது" என்றேன். எந்த இடம் என்று கேட்டார். அவர் எடுத்துக் கொடுத்த தாளைப் பிரித்து, 'உதிர்ந்து கிடக்கும் இலையெல்லாம்' என்பதைக் காட்டினேன். அங்கே சொல் அதிகமாகி கை தடுமாறுகிறது, கொஞ்சம் சுருக்கினால் போதும் என்றேன். அவர் மோட்டாரின் எண்ணெய்த் தொட்டிமேல் விரலால் தட்டிப் பார்த்தார். "ஆமாலா" என்றார். தாளை வாங்கிக்கொண்டு, "நான் பேசிக்கிறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பேசிக்கிறேன் என்ற வார்த்தை அன்று முழுக்க என்னைப் படுத்தியது. அது எப்படி வேண்டுமானாலும் பேசுவதாக இருக்கலாம் அல்லவா? மறுநாள் ஷர்மினி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கும்மி வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது, திரும்பித் தட்ட ஆளில்லாமல் பக்கத்துப் பெண் தன் தொடையில் தட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று ராஜரத்தினம் சாரிடம் கேட்டேன். பொறுங்கோ, நாங்கள் போனால் ஊரே என்னவென்று கேட்கும் என்றார். லோகன் மட்டும் என்னை விடாமல் துரத்தி, அந்தக் கவிதையை யார் எழுதினார்கள் டீச்சர் என்று கேட்டுக்கொண்டிருந்தான். தெரியாது, நீ போய்ச் சந்தம் படி என்று விரட்டினேன். பஸ் நிற்குமிடத்தில் திரும்பிப் பார்க்காத அந்தப் பையன் இவன்தானா, வேறு யாராவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது என் வேலையும் இல்லை.

வாரம் பிறந்ததும் அவள் வந்துவிட்டாள். முகத்தில் அடிபட்ட அடையாளம் இல்லை. கண் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. என்னிடம் காய்ச்சல் என்றாள். சரி என்றேன். ஒத்திகைக்குப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள். அவளைப் பார்த்த நிம்மதியில் நான் அன்று யாரையும் திட்டவில்லை, பிள்ளைகள் எனக்குத்தான் காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனாலும் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் எனக்கு மனசு ஆறவில்லை. கேட்கவும் முடியவில்லை.

அந்தத் தவணையில் ஆளுக்கொரு சொந்தக் கவிதை எழுதித் தரச் சொல்லியிருந்தேன், பயிற்சிக்காக. கலைவிழா முடிந்த வாரம் தாள்கள் வந்தன. லோகன் ஒடித்து ஒடித்து மழையைப் பற்றி எழுதியிருந்தான். வேறு சிலர் அம்மாவைப் பற்றி, கைப்பேசியைப் பற்றி. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு தாள், இந்தத் தடவை கையெழுத்தில். மேலே பெயர் எழுதியிருந்தது: ஷர்மினி த/பெ மணியம். கீழே, 'பார்த்துவிடு என்னைப் பார்த்துவிடு.'

படித்தேன். மாலை, சாலை, மௌனம், எல்லாம் அப்படியே இருந்தன. பால்மரக் காட்டுக்கு வந்தேன். 'உதிர்ந்து கிடக்கும் இலையெல்லாம்' அங்கே இல்லை. 'கால்வைத்த பாதையில் காய்ந்த இலையெல்லாம்' என்றிருந்தது.

அந்த இடம் இடிக்கிறது என்று நான் சொன்னது அவளுடைய அப்பா ஒருவரிடம் மட்டும்தான்.

என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி மேசையில் தட்டிப் பார்த்தேன். கை எங்கேயும் தடுமாறவில்லை.